லாரியில் வந்திறங்கும் இயற்கை

தூண்டில் இலக்கியம் என்று ஒரு வகை இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குத் தனி அலமாரியே உண்டு. தமிழில் இப்போதுதான் துளிர்க்கிறது, பெரும்பாலும் வேலைக்கு அமெரிக்கா போன என் தலைமுறை ஆட்களின் பயணக் கட்டுரைகளாக. எதை எடுத்தாலும் கதை ஒன்றுதான். அதிகாலை, பனிமூட்டம், இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு ஆள். அவன் வாழ்க்கையில் ஏதோ ஒன்று உடைந்திருக்கும்: விவாகரத்து, அப்பாவின் மரணம், குறைந்தபட்சம் ஒரு லே-ஆஃப். தூண்டில் காற்றில் வளைந்து விழும். ட்ரௌட் ஒன்று கடிக்கும். அதன் விலாவில் இருக்கும் சிவப்புக் கோட்டுக்கு ஒரு பத்தி. பிறகு அதை மெல்லத் தண்ணீரில் விட்டுவிடுவான். ஆறு அவனுக்கு எதையோ சொல்லிக்கொடுத்துவிடும்.

இந்த வகை நெகிழ்ச்சியாக இருப்பதில் எனக்குப் புகார் இல்லை. நெகிழ்ந்துவிட்டுப் போகட்டும். என் புகார், அது பொய் சொல்கிறது என்பது. அந்த மீன் அனேகமாக அந்த ஆற்றுடையதே அல்ல. அது எங்கிருந்து வந்தது, அதற்கு இடம் விடுவதற்காக யாரைக் காலி செய்தார்கள் என்ற கேள்வி வந்தால் அந்த அழகான பத்தி ஒரு நிமிடம்கூட நிற்காது. அதனால் கேள்வி வராதபடி எழுதுகிறார்கள்.

கலிஃபோர்னியாவில் சில வருடம் இருந்தேன். அங்கே மாநில மீன்வளத் துறை ஒரு பட்டியல் வெளியிடும். இந்த வாரம் எந்த ஏரியில், எந்த ஓடையில் ட்ரௌட் கொட்டப்போகிறார்கள் என்று. ஆமாம், கொட்டுவதுதான். குஞ்சு பொரிப்பகத்தில் சிமெண்ட் தொட்டியில் வளர்த்து, உருண்டைத் தீவனம் போட்டு, பிடிக்கும் அளவுக்கு வந்ததும் லாரித் தொட்டியில் ஏற்றிக் குழாய் வழியாக ஆற்றுக்குள் விடுவார்கள். லாரி வரும் நாள் தெரிந்தவர்கள் கரையில் நாற்காலி போட்டுக் காத்திருப்பார்கள். என்னோடு வேலை பார்த்த சேலத்துக்காரர் ஒருவர், நாங்கள் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம், அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் லீவே போடுவார். "ரேஷன் கடையில சரக்கு வந்துடுச்சான்னு பாத்துட்டுப் போற மாதிரிதான்டா" என்பார். அவரிடம் பாசாங்கு கிடையாது. பாசாங்கெல்லாம் எழுதுகிறவர்களிடம்தான்.

இன்னொன்று சொல்கிறேன், நம்ப மாட்டீர்கள். ஃப்ளை ஃபிஷிங் என்பது பூச்சியைப் போலவே இறகிலும் நூலிலும் கட்டிய போலி ஈயை வைத்து மீனை ஏமாற்றும் கலை. எந்த மாதம் எந்தப் பூச்சி ஆற்றில் பொரிக்கிறது என்று படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பெருமைக்குரிய ஞானம்தான். ஆனால் லாரியில் வந்த மீனுக்குப் பூச்சி தெரியாது, தீவன உருண்டைதான் தெரியும். அதனால் தீவன உருண்டையைப் போலவே கட்டிய பழுப்பு நிறப் போலி ஈயும் சந்தையில் இருக்கிறது. தத்துவத்தின் உச்சி அதுதான்.

2020இல் கலிஃபோர்னியாவின் சில பொரிப்பகங்களில் பாக்டீரியா தொற்று பரவியது. 32 லட்சம் ட்ரௌட்களைக் கொன்றார்கள். கோழிப் பண்ணையில் பறவைக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வோமோ அதேதான். இது ஒரு பண்ணைத் தொழில். விற்பனைக் கூடத்தை மட்டும் பைன் மரங்களுக்கு நடுவே வைத்திருக்கிறார்கள்.

தொழில் தொடங்கிய இடத்துக்குப் போவோம். லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்றொரு மனிதர், முன்னாள் பாதிரியார். 1871இல் அமெரிக்கக் கூட்டரசு மீன் ஆணையத்தை அமைத்தது; அதற்காக 1872இல் ஸ்டோன் வடக்குக் கலிஃபோர்னியாவின் மெக்லௌட் ஆற்றங்கரையில் சால்மன் முட்டை சேகரிக்கும் நிலையம் ஒன்றைக் கட்டினார். 1879இல் ட்ரௌட்டுக்கும் ஒன்று. இன்று அண்டார்ட்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் ரெயின்போ ட்ரௌட் இருக்கிறது. உலகம் சுற்றிய அந்த முட்டைகளில் கணிசமானவை அந்த மேற்குக் கரையிலிருந்து கிளம்பியவை. மெக்லௌட் ஆறு வின்னமெம் வின்டூ என்ற பழங்குடியின் ஆறு. பிறகு அந்த ஆற்றுக்குக் கீழே ஷாஸ்டா அணை வந்தது, 1945இல் முடிந்தது. ஸ்டோனின் நிலையம் இருந்த இடமும் அந்தப் பழங்குடியின் ஊர்களும் ஒரே தண்ணீருக்கு அடியில் போயின. அந்த ஆற்றின் மீனோ உலகத்தில் இல்லாத இடமில்லை.

கிழக்கிலும் இதே கதை. பழுப்பு ட்ரௌட் ஐரோப்பிய மீன். 1883இல் ஜெர்மனியிலிருந்து அதன் முட்டைகள் கப்பலில் வந்தன, 1884இல் மிச்சிகன் மாநில ஆறு ஒன்றில் குஞ்சுகளை விட்டார்கள். இன்று மொன்டானா ஆறுகளின் அடையாளமாகப் படத்தில் அச்சிடும் மீன்களில் ஒன்று அது. 1992இல் வந்த 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' படத்தைப் பார்த்துவிட்டு ஒரு தலைமுறையே தூண்டில் வாங்கப் போனது. அந்த வெளிச்சம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீருக்கு அடியில் இருப்பது ஒரு குடியேற்ற நாட்டின் மக்கள்தொகைக் கணக்கு.

இதையெல்லாம் வெறும் வரலாற்றுத் துணுக்காகச் சொல்லவில்லை. "சரிப்பா, வெளியூர் மீன், அதனாலென்ன? தக்காளியும் மிளகாயும்கூட வெளியூர்தானே" என்று கேட்கலாம். கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் கிரீன் ரிவர்.

1962, செப்டம்பர். வயோமிங், யூட்டா மாநிலங்களில் ஓடும் கிரீன் ஆற்றின் குறுக்கே ஃப்ளேமிங் கார்ஜ் அணை கட்டி முடியும் தறுவாயில் இருந்தது. நீர்த்தேக்கம் நிரம்பினால் அதில் ட்ரௌட் விடலாம், சுற்றுலா வரும். ஆனால் ஆற்றில் ஏற்கெனவே மீன்கள் இருந்தன. பல லட்சம் வருடமாக அந்தச் சேற்று ஆற்றின் வேகத்துக்கும் வெயிலுக்கும் ஏற்ப உருவானவை. கொலராடோ பைக்மின்னோ: ஆறடி வரை வளரும், முட்டையிடுவதற்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்திப் போகும். ரேஸர்பேக் சக்கர்: முதுகில் கத்தி போலக் கூர்மையான மேடு, நாற்பது வயதுக்கு மேலும் வாழும். போனிடெய்ல்: பென்சில் போல ஒடுங்கிய வால். ஹம்ப்பேக் சப்: தலைக்குப் பின்னால் திமில். வேறெந்த ஆற்று வடிநிலத்திலும் கிடையாது. இந்த மீன்களை மீன்வளத் துறை மொத்தமாக ஒரு பெயரில் அழைத்தது. கழிவு மீன்.

இரண்டு மாநிலங்களும் கூட்டரசின் துணையோடு ஆற்றுக்கு விஷம் வைத்தன. ரோட்டினோன். செடி வேரிலிருந்து எடுப்பது; மீனின் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் செய்துவிடும். தண்ணீரில் காற்று இருக்கும், செவுளும் வேலை செய்யும், ஆனாலும் மூச்சு முட்டிச் சாகும். 20,000 காலனுக்கு மேல் ஊற்றினார்கள். ஆற்றிலும் கிளை ஓடைகளிலுமாகச் சேர்த்து சுமார் 445 மைல், கிட்டத்தட்ட 715 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை சாலையில் போகும் தூரம், அத்தனையும் ஆறு. கீழே விஷத்தை முறிக்க பொட்டாசியம் பெர்மாங்கனேட் போட்டார்கள், போதவில்லை. விஷம் டைனோசர் தேசிய நினைவகத்தின் எல்லைக்குள், சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடத்துக்குள், ஓடியது. ராபர்ட் ரஷ் மில்லர் போன்ற மீனியல் அறிஞர்கள் முன்பே எதிர்த்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை.

என் தொழிலில் இதற்கு ஒரு சொல் உண்டு. ரோல்பேக் இல்லாத டெப்ளாய்மென்ட். ஆனால் எங்கள் ஆபீஸில் வெள்ளிக்கிழமை மாலை ஒரு வரி மாற்றுவதற்கே நாலு பேர் ஒப்புதல் வேண்டும்.

அணை மூடியது, ட்ரௌட்டை விட்டார்கள். ஆனால் அணையின் அடியாழத்திலிருந்து வெளியேறிய தண்ணீர் அவ்வளவு குளிர், ட்ரௌட்டே சரியாக வளரவில்லை. 1978இல் வெவ்வேறு ஆழங்களிலிருந்து தண்ணீர் எடுக்கும்படி அணையில் மாற்றம் செய்தார்கள், மீனுக்குத் தோதான வெப்பம் கிடைக்க. அதாவது ஆற்றுக்கு ஏசி. இன்று அந்த அணைக்குக் கீழே சிவப்புப் பாறைப் பள்ளத்தாக்கில் ஓடும் பகுதி அமெரிக்காவின் புகழ்பெற்ற ட்ரௌட் ஆறுகளில் ஒன்று. தெளிந்த பச்சைத் தண்ணீர், நூற்றுக்கணக்கான அடி உயரச் சுவர்கள், மிதவைப் படகில் தூண்டிலோடு நின்றபடி போகும் மனிதர்கள். எந்த நாட்காட்டியிலும் போடலாம். அந்தத் தெளிவே அணையின் வேலை. வண்டல் மேலே தேங்கிவிட்டது. நான் சொன்ன நான்கு மீன்களும் அழியும் நிலைப் பட்டியலுக்குப் போயின. போனிடெய்ல் இன்று தானாக இனம் பெருக்கும் கூட்டமாக ஆற்றில் எங்கும் இல்லை. பொரிப்பகம் விடுவதால்தான் இருக்கிறது. ஒரு பொரிப்பகம் அழிக்க உதவியதை இன்னொரு பொரிப்பகம் உயிரோடு வைத்திருக்கிறது.

விஷம் மட்டுமே காரணமில்லை. அணைகளுக்கு அதில் பெரும்பங்கு. ஆனால் மனநிலை ஒன்றே. அழகான ஆறு எப்படி இருக்க வேண்டும் என்று தலைக்குள் ஒரு படம், ஸ்காட்லாந்தில் எடுத்தது. ஆறு படத்துக்குப் பொருந்தாவிட்டால் ஆற்றை மாற்று.

அமெரிக்காவில் 1968 முதல் ஆறுகளைக் காக்க ஒரு சட்டம் இருக்கிறது. ஆறுகளை மூன்றாகத் தரம் பிரிக்கும்: காட்டாறு, காட்சி ஆறு, கேளிக்கை ஆறு. நல்ல சட்டம், பல அணைகளைத் தடுத்தது. ஆனால் தரம் பிரிப்பது பெரும்பாலும் அணை உண்டா, சாலை உண்டா, கரை எப்படி இருக்கிறது என்பதை வைத்து. ஓர் ஆற்றில் ஒரு சொந்த மீன்கூட மிஞ்சாமல் போனாலும் அது காட்சி ஆறாக இருக்க முடியும். காட்சிதானே.

சியரா நெவாடா மலை ஏரிகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கருங்கல் கிண்ணத்தில் நீலம். பனியாறுகள் குடைந்த ஏரிகள் அவை, கீழே பெரிய அருவிகள் இருப்பதால் மீன் ஏறிவர முடியாது. மேல்மலை ஏரிகளில் ஏறக்குறைய எதிலும் மீன் இருந்ததில்லை. மீன் இல்லாத ஏரியைக் கண்டதும் மனிதனுக்குக் கை அரித்திருக்கிறது. முதலில் கோவேறு கழுதை முதுகில் பால் கேன்களில் ட்ரௌட் குஞ்சுகளைக் கொண்டுபோனார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விமானத்திலிருந்தே கொட்டினார்கள்.

மீன் இல்லாத ஏரி காலியான ஏரி இல்லை. அங்கே தவளை இருந்தது. மஞ்சள் கால் தவளை. அதன் தலைப்பிரட்டை தவளையாக மாற இரண்டு முதல் நான்கு வருடம் ஆகும், அந்தக் குளிரில் அவ்வளவு மெதுவாகத்தான் வளரும். அதனால் குளிர்காலத்தில் அடிவரை உறையாத ஆழமான ஏரி அதற்கு வேண்டும். ட்ரௌட்டுக்கும் வேண்டியது அதே ஆழமான ஏரிதான். மூன்று வருடம் தலைப்பிரட்டையாகவே நீந்தவேண்டிய ஒரு உயிர், மீனோடு எப்படித் தப்பும்? ட்ரௌட் பிரட்டைகளைத் தின்றது, மேஃப்ளை பூச்சிகளின் புழுக்களைத் தின்றது. தவளை போனதும் அதைத் தின்னும் பாம்பு குறைந்தது. பூச்சி போனதும், ஏரிக்கரையில் அதைப் பொறுக்கித் தின்னும் ரோஸி ஃபிஞ்ச் என்ற சிட்டு மீன் இல்லாத ஏரிகளைத் தேடிப் போனது. பிறகு பூஞ்சை நோயும் வந்து சேர்ந்துகொண்டது. முன்பு இருந்த இடங்களில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் அந்தத் தவளை இன்று இல்லை.

ஏரி மட்டும் அதே நீலத்தில் இருந்தது. ஒரு புகைப்படத்தில்கூட எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. அழகை வைத்து ஒரு இடம் நலமாக இருக்கிறதா என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் துல்லியமான பரிசோதனையை நானே வடிவமைத்திருக்க முடியாது. நல்ல செய்தியும் இருக்கிறது. ரோலண்ட் நாப் முதலான ஆய்வாளர்கள் சில ஏரிகளில் வருடக்கணக்காக வலை போட்டு ட்ரௌட்டை முழுக்க எடுத்தார்கள். பக்கத்தில் எங்கோ மிஞ்சியிருந்த தவளைகள் திரும்பி வந்து பெருகின. யோசெமிட்டி பூங்கா 1991இல் மீன் விடுவதை நிறுத்தியது. நிறுத்தப்போகிறோம் என்று பேச்சு வந்தபோதெல்லாம் முதலில் கத்தியவர்கள் யார்? இயற்கையை நேசிக்கும் தூண்டில்காரர்கள்.

இங்கே அவர்கள் தரப்பின் வலுவான வாதத்துக்கு வர வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே வலுவானது. "எங்களைத் தவிர ஆற்றைப் பற்றிக் கவலைப்பட்டது யார்?" என்று கேட்கிறார்கள். 1950 முதல் அமெரிக்காவில் ஒவ்வொரு தூண்டில், ரீல் விற்பனையிலும் ஒரு வரி பிடித்து மாநில மீன்வளத் துறைகளுக்குக் கொடுக்கிறார்கள். 1959இல் மிச்சிகனில் தொடங்கிய ட்ரௌட் அன்லிமிடெட் என்ற தூண்டில்காரர்களின் அமைப்பு தொழிற்சாலைக் கழிவுக்கும் அணைகளுக்கும் எதிராக நீதிமன்றம்வரை போயிருக்கிறது. சொந்த இன ட்ரௌட்களை மீட்கவும் உழைக்கிறது. ஆற்றில் நின்றவன்தான் ஆற்றுக்காகக் கத்துவான் என்பதில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் பாலாற்றுக்கும் நொய்யலுக்கும் அப்படிக் கத்த ஒரு வசதியான கூட்டம் இல்லையே என்று எனக்கே பொறாமை வரும்.

ஆனால் எதற்காகக் கத்துகிறார்கள் என்பதைப் பாருங்கள். மீன் துறையின் பணம் உரிமக் கட்டணத்திலிருந்தும் தூண்டில் வரியிலிருந்தும் வந்தால், துறையின் வாடிக்கையாளர் தூண்டில்காரர்தான். பைக்மின்னோ உரிமம் வாங்காது. தவளை வரி கட்டாது. ஒரு நிறுவனத்தில் யார் பில் கட்டுகிறார்களோ அவர்கள் கேட்கும் ஃபீச்சர்தான் முதலில் வரும், எனக்குத் தெரியாதா? மொன்டானாவைப் பாருங்கள். மேடிசன் ஆற்றில் டிக் வின்சென்ட் என்ற உயிரியலாளர், பொரிப்பக மீன் விடுவதை நிறுத்தினால் ஆற்றில் ட்ரௌட் குறைவதில்லை, கூடுகிறது என்று எண்ணிக் காட்டினார். லாரி மீன்கள் ஆற்றில் பிறந்த மீன்களை விரட்டிக்கொண்டிருந்தன. 1974இல் மாநிலம் ஆறுகளில் மீன் விடுவதை நிறுத்தியது. துணிச்சலான முடிவு, தலைவணங்குகிறேன். ஆனால் அதன் பலனாகப் பெருகியவை ஆற்றிலேயே பிறந்த ஐரோப்பியப் பழுப்பு ட்ரௌட்டும் மேற்குக் கரை ரெயின்போவும். தூண்டில்காரர் செய்யும் சீர்திருத்தம் எப்போதும் நல்ல தூண்டிலில் போய்த்தான் நிற்கும்.

பாஸ் மீனுக்கு வருகிறேன். ட்ரௌட்டில் தத்துவம் என்றால் பாஸில் கார்ப்பரேட். 1967இல் ரே ஸ்காட் என்பவர் பாஸ் பிடிப்பவர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார், 1971இல் முதல் பெரிய சாம்பியன் போட்டி. நடந்த இடம் லேக் மீட், ஹூவர் அணையின் நீர்த்தேக்கம். அமெரிக்கத் தெற்கில் லேக் என்று பெயர் வைத்திருப்பவற்றில் பெரும்பாலானவை அணைகள்தான். மூழ்கிய ஊர்களுக்கு மேலே பளபளப்பான படகுகள் பறக்கும். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் யாரும் ஞானம் பேசுவதில்லை.

பேச வேண்டியது ஜப்பானின் பிவா ஏரி. உலகின் மிகப் பழைய ஏரிகளில் ஒன்று, வேறெங்கும் இல்லாத மீன்கள் கொண்டது. 1925இல் அகபோஷி டெட்சுமா என்ற தொழிலதிபர் கலிஃபோர்னியாவிலிருந்து பெருவாய் பாஸைக் கொண்டுவந்து அஷி ஏரியில் விட்டார். அங்கிருந்து அது நாடெங்கும் பரவியது. பெரும்பங்கு விளையாட்டு மீன்பிடிப்பாளர்கள் திருட்டுத்தனமாக வாளியில் கொண்டுபோய் விட்டது. 1960இல் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோ அமெரிக்கா போனபோது சிகாகோ மேயர் அவருக்கு ப்ளூகில் என்ற மீனைப் பரிசளித்தார். உணவாகும் என்ற நல்ல எண்ணத்தில் அவர் அதை மீன்வள ஆய்வகத்துக்குக் கொடுத்தார். அதுவும் பரவியது. அகிஹிட்டோ சாதாரண ஆளில்லை, கோபி மீன்கள் பற்றி ஆய்வுக்கட்டுரைகள் எழுதிய மீனியலாளர். 2007இல், பேரரசராக, பிவா ஏரி இருக்கும் ஷிகா மாவட்டத்திலேயே ஒரு விழாவில் நின்று, தான் கொண்டுவந்த மீன் இப்படி ஆனது மனத்தை வருத்துகிறது என்றார்.

பிவாவில் நிகோரோபுனா என்றொரு கெண்டை இனம் உண்டு. அதை உப்பிட்டு, சோற்றில் புதைத்து, மாதக்கணக்கில், சமயத்தில் வருடங்கள்கூட, புளிக்க வைத்து ஃபுனாஸுஷி செய்வார்கள். நாம் பழைய சோற்றைப் பற்றிப் பேசுவது போல அந்த ஊர்க்காரர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள். கரை நாணல்களை அழித்ததும் பாஸும் ப்ளூகில்லும் சேர்ந்து அந்த மீனை அரிதாக்கின, பண்டம் விலை ஏறி விசேஷத்துக்கு மட்டும் என்றானது. 2003இல் ஷிகா மாவட்டம் ஒரு விதி போட்டது: பாஸோ ப்ளூகில்லோ பிடித்தால் திரும்ப விடக்கூடாது. கரையில் பெட்டிகள் வைத்தார்கள், பிடித்ததை அதில் போட்டுவிட்டுப் போக. தூண்டில்காரர்கள் வழக்குப் போட்டார்கள், பிடித்ததை விடுவது எங்கள் உரிமை என்று. தள்ளுபடி ஆனது. 2009இல் அதே ஏரியில் 10.12 கிலோ பாஸ் ஒன்று சிக்கியது. 1932இல் ஜார்ஜியாவில் பிடித்த உலக சாதனைக்குச் சமம். உலகின் மிகப் பெரிய பாஸ் எங்கே வளர்ந்தது பாருங்கள்.

பிடித்து விடுதல் என்ற சடங்கு எனக்கு எப்போதும் விசித்திரம். 2003இல் லின் ஸ்னெடனும் சகாக்களும் ட்ரௌட்டின் உதட்டில் அமிலமும் தேனீ விஷமும் செலுத்திப் பார்த்தார்கள். மீன்கள் இரை எடுக்கவில்லை; பக்கவாட்டில் ஆடின; உதட்டைச் சரளைக் கல்லில் தேய்த்தன. அது வலியா, வலி போன்ற ஒன்றா என்று இன்னும் சண்டை நடக்கிறது. நடக்கட்டும். சுவிட்சர்லாந்து 2009இலேயே முடிவெடுத்துவிட்டது: திரும்ப விடும் நோக்கத்தோடு மீன் பிடிக்கக் கூடாது. தின்பதற்குப் பிடி, இல்லையென்றால் விட்டுவிடு. எனக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. பசிக்குக் கொல்வது புரிகிறது. இன்பத்துக்காக ஒரு உயிரை வாயில் கொக்கி போட்டு இழுத்து, படம் எடுத்து, முத்தமிட்டு அனுப்பிவிட்டு அதற்குக் கருணை என்று பெயர் வைப்பதுதான் புரியவில்லை.

இதிலும் ஒரு வர்க்கக் கணக்கு இருக்கிறது. சாக்ரமெண்டோ பக்கம் பாலத்துக்கு அடியில் லாவோஸ், மெக்ஸிகோ குடும்பங்கள் பிளாஸ்டிக் வாளியோடு கெளுத்தி பிடித்துக்கொண்டிருப்பார்கள். குழந்தைகள், பாட்டி, சோற்று டப்பா. அவர்களை யாரும் ஆற்றின் கவிஞர் என்று எழுத மாட்டார்கள். எங்கள் ஊர் ஏரியில் புழு கோத்துக் குறவை பிடித்து அன்றைக்குக் குழம்பு வைத்த என் மாமாவையும் எழுத மாட்டார்கள். தின்னுகிறவன் மீன்பிடிப்பவன், தின்னாதவன் இயற்கை நேசன்.

"இதெல்லாம் அமெரிக்கா, ஜப்பான் கதை, நமக்கென்ன" என்பீர்கள். உங்கள் ஃபோனில் அவலாஞ்சி ரீல் எத்தனை இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நீலகிரியில் ட்ரௌட் கொண்டுவர ஃப்ரான்சிஸ் டே 1863இல் முயன்று தோற்றார். 1879இல் சென்னை மாகாணம் நீலகிரிக்கென்றே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் போட்டது. வெள்ளை அதிகாரிகள் வேட்டையாடுவதற்கான பாதுகாப்பு. பிறகு எச்.சி. வில்சன் வந்தார், 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்தது, ரெயின்போ ட்ரௌட் நிலைத்தது. சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே ஓடும் ஓடையில், ஊர் நினைவில் வாடிய துரைமார்கள் தூண்டில் போட்டார்கள். அவர்களாவது ஊர் ஏக்கத்தில் செய்தார்கள். நாம் எந்த ஏக்கத்தில் அந்தக் காட்சியைக் கொண்டாடுகிறோம்? அவலாஞ்சி ஏரி என்று நாம் படம் எடுப்பது குந்தா நீர்மின் திட்டத்தின் அணை. பின்னணியில் நிற்கும் பைனும் யூகலிப்டஸும் வாட்டிலும் வெளியூர்ச் சரக்கு. அதற்குள் நீந்தும் ட்ரௌட்டும் அப்படியே. தலைப்பு மட்டும் 'கன்னி இயற்கை'. தோடர்களின் எருமை மேய்ந்த புல்வெளி அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை, ஏனென்றால் புல்வெளி படத்தில் வெறுமையாகத் தெரியும். மீன் இல்லாத ஏரி மாதிரி.

மலையை விட்டு இறங்கினால் காவிரி. அதில் திமில் மஹ்சீர் என்றொரு மீன். உலகின் மிகப் பெரிய மஹ்சீர் இனங்களில் ஒன்று. 1946இல் மைசூர்ப் பக்கம் வான் இங்கென் பிடித்தது 120 பவுண்டு, 54 கிலோ. உலகமே தூண்டிலோடு தேடி வந்த மீன். காவிரி வடிநிலத்தைத் தவிர வேறெங்கும் கிடையாது. 1970களிலிருந்து மஹாராஷ்டிராவின் லோனாவாலாவில் ஒரு பொரிப்பகம் நீலத்துடுப்பு மஹ்சீர் என்ற இன்னொரு இனத்தின் குஞ்சுகளைப் பெருவாரியாக உற்பத்தி செய்தது. மஹ்சீர் மஹ்சீர்தானே என்று அவற்றைக் காவிரியிலும் விட்டார்கள். பாதுகாப்பு என்ற பெயரில், நல்ல மனத்தோடு, கேமரா முன்னால். ஏட்ரியன் பிண்டர் முதலானோர் காவிரிக்கரை மீன்பிடி முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த பதிவேடுகளைப் புரட்டினார்கள். மொத்த மீன் கூடிக்கொண்டே போனது. நீலத்துடுப்பு கூடியது. திமில் மீன் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பதிவேடு எழுதியது தூண்டில்காரர்கள் என்பதால் அந்தப் பெருமையை அவர்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் பதிநான்கு வருடம் ஒவ்வொரு மீனையும் கையில் ஏந்திப் படம் எடுத்தவர்கள், கையில் இருப்பது வேறு மீன் என்று கூச்சல் போடவில்லை. பெரிய மீன், அழகான ஆறு, எல்லோருக்கும் திருப்தி.

அந்த மீனுக்கு முறையான அறிவியல் பெயரே 2018இல்தான் உறுதியானது, டோர் ரேமாதேவி. அதே வருடம் மிக அருகிய இனம் என்ற சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. பெயர் கிடைத்த கையோடு மரணப் படுக்கை.

மிஞ்சியிருக்கும் இடங்களில் ஒன்று மோயாறு. முதுமலைக்குக் கீழே, நம் மாநிலத்தில். அங்கே போய் யாரும் காவியம் எழுத வேண்டாம், தூண்டிலும் வேண்டாம். ஒரு குஞ்சைக் கொண்டுபோய் விடவும் வேண்டாம், அது எந்த அமைச்சர் கையால் என்றாலும். காட்டுத் தண்ணீரில் பையில் கட்டிய மீன் குஞ்சுகளைத் திறந்துவிடும் அந்தப் புகைப்படம் அடுத்தமுறை உங்கள் திரையில் வரும்போது, லைக் போடுவதற்கு முன்னால் கீழே ஒரு வரி கேளுங்கள்: எந்த இனம், எந்தப் பொரிப்பகம், அந்த ஆற்றில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள்?